அஞ்சு மார்க் கேள்வி

நீங்களே படிச்சுப் பார்த்துச் சொல்லுங்கக்கா, இதுக்கு அஞ்சுக்கு சைபர் போடுவாங்களா? ஒண்ணு இல்ல, அரை இல்ல, முட்டை. செவப்பு மையில நல்லா வட்டமாச் சுழிச்சு வெச்சிருக்காங்க பாருங்க. அப்பறம் அதை அடிச்சுட்டுப் பக்கத்துல அஞ்சுன்னு போட்டிருக்குதே, அது நான் போயி வாங்குனது. யாரும் சும்மா குடுக்கல. சண்டை போட்டு வாங்குனேன்.

கோபியில பஸ் ஏறுனதுலருந்து உங்ககிட்டச் சொல்லோணும்னுதான் இருந்தனுங்க. நீங்க கண்ணை மூடிட்டு இருந்தீங்க. இப்ப முழிச்சுட்டீங்க. ஈரோடுதானே போறீங்க? நான் அதுக்கு முன்னாடியே வேலம்பாளையம் பிரிவுல எறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன். யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கு மண்டை வெடிச்சுரும்.

எம்பேரு துளசிமணிங்க. தையல் கடை வெச்சிருக்கேன். ஸ்கூல் யூனிபாரம்தான் அதிகம். எங்கூட்டுக்காரரு பூபதி, நூலுக்குக் கஞ்சி போடற சைசிங் மில்லுக்குப் போறாரு. ஒரே புள்ளை, மிருதுளா. பத்தாவது. இது அவளோட காலாண்டுத் தமிழ்ப் பேப்பர்.

தமிழ்ப் பரீட்சையில பா நயம் பாராட்டுகன்னு ஒரு கேள்வி வரும், உங்க காலத்துலயும் இருந்திருக்கும். ஒரு பாட்டைக் குடுத்துருவாங்க. அதுல என்ன நயம் இருக்குதுன்னு எழுதோணும். திரண்ட கருத்து, மையக்கருத்து, எதுகை, மோனை, அணி, சுவைன்னு தலைப்பு தலைப்பாப் பிரிச்சு, அடிக்கோடு போட்டு எழுதோணும். அஞ்சு மார்க். இதுக்கு பயப்படவே வேண்டியதில்லீங்க. ஒரே ஒரு விடையை மனப்பாடம் பண்ணி வெச்சுக்கிட்டாப் போதும், எந்தப் பாட்டு வந்தாலும் பொருந்தும். மழையைப் பத்தி வந்தாலும் சரி, மரத்தைப் பத்தி வந்தாலும் சரி. எனக்கே மனப்பாடம். கடையில மிஷினுக்குப் பக்கத்துல உக்காந்துதான அவ சத்தம் போட்டுப் படிப்பா? "படிக்கப் படிக்கத் தெவிட்டாத இப்பாடலில், கவிஞர் எளிய சொற்களைக் கொண்டு அரிய கருத்தை நம் உள்ளத்தில் பதிய வைத்துள்ளார். மோனை நயம் நம் மனதை மயக்குகிறது. கற்பனை நயம் கருத்தைக் கவர்கிறது." நான் எட்டாவதோட நின்னவ. எனக்கே அஞ்சு மார்க் கெடைக்கும்.

அப்பேர்ப்பட்ட கேள்வியில எம்புள்ளை சைபர்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போன் வருதுங்க. தமிழ் டீச்சர், அமுதவல்லின்னு பேரு. "மிருதுளாம்மா, ஒரு நிமிசம் ஸ்கூலுக்கு வந்துட்டுப் போறீங்களா"ன்னாங்க. என்னமோ ஏதோன்னு போட்டது போட்டபடி ஓடறேன். ஒரு பாவாடைக்கு நாடா கோத்துட்டு இருந்தேன், அதைக்கூடக் கீழ வெக்கல, கையோட போயிட்டேன். போனா, ஆசிரியர் அறையில இந்தப் பேப்பரை எடுத்து நீட்டறாங்க. லீவுக்கு முன்னாடியே குடுத்துவிட்டுப் பெத்தவங்க கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. எனக்குத் தெரியவே தெரியாது. "இது யாரு கையெழுத்துங்க?"ன்னு கேட்டாங்க.

பாருங்க, இங்க. மேல மொத்த மார்க்குக்குப் பக்கத்துல. பெற்றோர் கையொப்பம்னு இருக்கற எடத்துல. பொ. சென்னியப்பன். எத்தனை பெருசாப் போட்டிருக்காரு பாருங்க, பத்திரத்துல போடற மாதிரி.

எங்க மாமனாருங்க.

நான் அதை விட்டுட்டேன். கையெழுத்து கெடக்குது, அதை அப்பறம் பாத்துக்கலாம். எங்கண்ணு போனது இந்த முட்டை மேல. "கையெழுத்தை விடுங்க டீச்சர், மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. எம்புள்ளை எந்தப் பாட்டுக்கு வேணும்னாலும் நயம் எழுதுவா. இதென்ன சைபர்?"னு கேட்டேன். கேப்பேனா மாட்டேனா? நீங்களா இருந்தாலும் கேட்டிருப்பீங்க.

அந்தப் பாட்டு கேள்வித்தாள்ல இருக்குது, இருங்க, மடிச்சு உள்ள வெச்சிருக்கேன். தாத்தாவைப் பத்திப் பாட்டு.

"விரலைப் பிடித்தால் வீதி குறையும்
வேகத் தடையாய்க் கைத்தடி நடக்கும்
பல்லில் லாத தாத்தா பங்கில்
பாதிக் கரும்பும் எனக்கே கிடைக்கும்
கேட்ட கதையைக் கேட்பேன் தினமும்
சொல்லா ததுபோல் சொல்வார் தினமும்"

அவ்வளவுதான். ஆறு வரி. கைக்குழந்தைகூடப் புரிஞ்சுக்கும். இதுக்கு அந்த மனப்பாட விடையை எடுத்துக் கொட்டியிருந்தா வேலை முடிஞ்சுது. இவ கொட்டல. தலைப்பு இல்ல, அடிக்கோடு இல்ல, கடகடன்னு அரைப் பக்கம் எழுதி வெச்சிருக்கா. டீச்சர் சொல்றாங்க, "நீங்க இதைப் படிச்சீங்களா?"ன்னு. "படிக்காமயா வந்திருக்கேன்"னு சொல்லிட்டு அங்கயே வாங்கிச் சத்தமாப் படிச்சேன். அந்த ரூமுல ஏழெட்டு டீச்சருங்க இருந்தாங்க. டிபன் டப்பா தொறந்துட்டு இருந்தவங்களும் நிறுத்திட்டாங்க. எனக்கென்ன வெக்கம்? எம்புள்ளை எழுதுனதைத்தான படிக்கறேன்.

மொதப் பத்தி கேளுங்க. "இந்தக் கவிதையில் வரும் தாத்தா பெரிதாக எதுவும் செய்யவில்லை. பரிசு வாங்கித் தரவில்லை, அறிவுரை சொல்லவில்லை. விரலைக் கொடுக்கிறார், கரும்பைக் கொடுக்கிறார், கதையைக் கொடுக்கிறார். மூன்றும் அவரிடம் சும்மா இருப்பவை. அவற்றைக் கேட்டு வாங்க அவருக்கு ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் கவிதை."

எப்படி? பதினஞ்சு வயசுப் புள்ளை எழுதறதா இது? "இதுதாங்க டீச்சர் திரண்ட கருத்து. தலைப்பு போடல, அவ்வளவுதான். பேரு எழுதாத டப்பாவுல இருந்தாலும் சக்கரை சக்கரைதான?"ன்னு கேட்டேன். ஒரு டீச்சர் சிரிச்சுட்டாங்க.

அடுத்தது. "கடைசி இரண்டு அடிகளிலும் தினமும் என்ற சொல் வருகிறது. ஒரே வீட்டில் இருந்தால்தான் தினமும் என்று எழுத முடியும். ஆகவே இந்தக் குழந்தையின் தாத்தா வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டில் இந்தக் கவிதையை எழுதினால், தினமும் என்று வரும் இடத்தில் இரண்டாம் சனிக்கிழமை என்று போட வேண்டும். சந்தம் கெட்டுவிடும்."

இதைப் படிக்கறப்பதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. ரெண்டாம் சனிக்கிழமை. ஜூலையிலருந்து ரெண்டாம் சனிக்கிழமையானா ஸ்பெஷல் கிளாஸுன்னு சொல்லிட்டு எட்டு மணிக்கே கெளம்பிருவா. நானும் எந்திரிச்சு தக்காளிச் சோறு கட்டிக் குடுத்து அனுப்புவேன். ரெண்டு பேர் சாப்புடற அளவுக்கு வேணும்மா, பிரண்டுக்கும் சேத்துன்னுவா. வெச்சுக் குடுத்திருக்கேன். லீவுலயும் ஒரு நாள் கிளாஸுன்னு போனா, அந்தக் கையெழுத்து அன்னிக்கு வாங்குனதாத்தான் இருக்கோணும்.

அப்ப அவரு எங்க இருக்காருன்னு கேக்கறீங்க. சொல்றேன். ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? ஹோமுல இருக்காரு. முதியோர் இல்லம். நான்தான் கொண்டு போயி விட்டேன். ஜூன் மாசம். அதுக்கு இப்படிப் பாக்காதீங்க.

எங்க மாமியாக்காரி செத்து ஆறு வருசம். ஆறு வருசமும் அவருக்குச் சுடுதண்ணி வெச்சவ நான். கால்ல புண்ணு வந்து நாலு மாசம் படுத்தப்ப மருந்து வெச்சுக் கட்டுனவ நான். பெத்த மகன் இன்னொருத்தரு திருப்பூர்ல, மக ஒருத்தி கரூர்ல. நோம்பி தீவாளிக்கு வருவாங்க, "அப்பா எளைச்சுட்டாரே"ன்னுட்டு ஒரு சீப்புப் பழத்தை வெச்சுட்டுப் போவாங்க. என்னைக் கேள்வி கேக்க அவங்களுக்கே வாயில்ல.

ஊடு எத்தனை பெருசுங்கறீங்க? ஒரு ரூம், ஒரு ஹாலு. ஹாலுல அவரு கட்டில். டிவியைப் போட்டாத் தெரு முனை வரைக்கும் கேக்கும். அதை நிறுத்துனா இருமல். இருமல் நின்னாக் கதை. அந்தியூர்ச் சந்தைக்கு மாடு வாங்கப் போயிக் குதிரை வாங்கிட்டு வந்த கதை. எனக்குக் கல்யாணம் ஆனதுலருந்து அதே குதிரை. இவளும் மொதத் தடவை கேக்கற மாதிரி, "அப்பறம் அது வண்டியை இழுத்துச்சா அப்பாரு?"ன்னு கேப்பா. எங்க பக்கம் அப்பனைப் பெத்தவரை அப்பாருன்னுதான் கூப்புடுவோம். அவரு சொல்லுவாரு, இவ விழுந்து விழுந்து சிரிப்பா. அவ முன்னால புஸ்தகம் தொறந்து கெடக்கும். பத்தாவதுங்க! நான் படிக்கல, எங்கூட்டுக்காரரு படிக்கல. இவளாவது தலையெடுக்கோணும்னு நெனச்சது தப்பா? ஒரு வருசந்தான், பரீட்சை முடியற வரைக்கும்னு சொல்லித்தான் விட்டேன். அதுக்கப்பறம் பதினொண்ணு, பன்னெண்டு வருதுதான். அதை அப்பப் பாத்துக்கலாம்.

அவரும் சரின்னுட்டாரு. "புள்ளை படிக்கட்டும் சாமி"ன்னாரு. அவ்வளவுதான். அங்க மூணு வேளையும் சோறு போடறாங்க, நர்சு இருக்குது, கட்டிலுக்கு ஒரு பேன் இருக்குது. எங்க ஊட்டுல ஹாலுக்கே ஒரு பேன்தான். நான் போயிப் பாத்துட்டுத்தான் சேத்துனேன். எங்கூட்டுக்காரரு பாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு வண்டிக்குப் பக்கத்துல போயி நின்னுக்கிட்டாரு. எல்லாம் நான்தான் பேசோணும், எல்லாக் கெட்ட பேரும் நான்தான் வாங்கோணும்.

எங்க விட்டேன்? ஆசிரியர் அறை. கடைசிப் பத்தி. இதையும் கேட்டுருங்க. "இந்தக் கவிதையில் அம்மா வரவில்லை. அது குறையா என்று யோசித்தேன். அம்மா வந்திருந்தால் கவிதை இரண்டாவது அடியிலேயே முடிந்திருக்கும்."

பாத்தீங்களா, என்னை விடாம எழுதியிருக்கா! அம்மா எந்த வேலையையும் இழுத்தடிக்க மாட்டா, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு முடிச்சிருவான்னு புள்ளைக்குத் தெரியுது. நான் அப்படித்தாங்க. தீவாளி வந்தா ஒரு ராத்திரியில பதினாலு ஜாக்கெட் முடிச்சிருக்கேன். நான் இதைச் சொல்றப்ப அமுதவல்லி டீச்சர் பேனா மூடியைக் கழட்டறாங்க, மாட்டறாங்க.

அப்பறம் அவங்க சொன்னாங்க. "மிருதுளாம்மா, தலைப்பு போடலைன்னு நான் சைபர் போடல. பாட்டுல இருக்கறதை விட்டுட்டு, ஊட்டுல நடக்காததைக் கற்பனை பண்ணி, பெத்தவங்களைக் கொறை சொல்லி எழுதியிருக்காளேன்னுதான் போட்டேன். போன வருசம் வரைக்கும் மீட்டிங்குக்கு எல்லாம் அவ தாத்தாதான வந்தாரு? மொத ஆளா வந்து மொத பெஞ்சுல உக்காருவாரே. அவரு ஊட்டுல இல்லைன்னு நான் எப்படி நம்பறது? இவ எழுதுனது நெசம்னா சொல்லுங்க, இப்பவே அஞ்சும் போடறேன். நெசம்னா இதுக்கு அஞ்சு பத்தாது."

நெசமா, பொய்யா. ரெண்டுல ஒண்ணு சொல்லோணும். எல்லாரும் எம்மூஞ்சியவே பாக்கறாங்க. பொய்யுன்னு சொன்னா எம்புள்ளை பொய் சொல்லி. நெசம்னு சொன்னா...

நெசம்னு சொன்னா என்னங்க? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? நல்லா நிமிந்து உக்காந்து சொன்னேன். "நெசம்தான். வேலம்பாளையம் பிரிவுல ஹோமுல இருக்காரு. நான்தான் விட்டேன். போடுங்க அஞ்சு"ன்னேன்.

போட்டாங்க. தொண்ணூத்தி ஒண்ணு தொண்ணூத்தாறு ஆச்சு. கிளாஸுல இவதான் பஸ்ட்டு. "நீங்களும் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுத் திங்கக்கெழமை குடுத்துவிடுங்க"ன்னாங்க. இன்னும் போடல. எங்க போடறது, எடம் விட்டாத்தான அந்த மனுசன்?

சாயங்காலம் அவ வந்ததும் பேப்பரை மிஷின் மேல வெச்சு, "பாரு, உங்கம்மா போயி அஞ்சும் வாங்கிட்டு வந்துட்டா"ன்னேன். எடுத்துப் பாத்தா. "எப்படிம்மா போட்டாங்க?"ன்னா. "நீ எழுதுனது நெசமான்னு கேட்டாங்க. நெசம்னு சொன்னேன், போட்டுட்டாங்க"ன்னேன். பேப்பரை மடிச்சு எங்கிட்டயே குடுத்தா. "அப்ப நெசம்னு உனக்குத் தெரியுமாம்மா"ன்னா. அவ்வளவுதான். உள்ள போயிட்டா.

தெரியாம என்னங்க? நான்தான கொண்டு போயி விட்டேன்? படிச்ச புள்ளைக கேக்கற கேள்வியே சில சமயம் வெளங்கறதில்ல.

அன்னையிலருந்து கேட்டதுக்கு மட்டும் பதில். சோறு போடட்டுமா? போடும்மா. படிச்சியா? படிச்சேம்மா. கோவம் இல்ல, மொறைப்பு இல்ல. கடைக்கு வந்து பித்தான்கூடத் தெச்சுக் குடுக்கறா. ஆனா வாசல்ல நிக்கற கஸ்டமர்கிட்டப் பேசற மாதிரிதான் எங்கிட்டப் பேசறா. உங்ககிட்டத்தான் சொல்றேன். பெத்தவ நான், அவ சிரிப்பு பூராவும் அங்க கொண்டு போயிக் கொட்டிட்டு வாரா.

இன்னிக்கு ரெண்டாம் சனிக்கெழமை. கெளம்புனா. "எங்க?"ன்னேன். "ஸ்பெஷல் கிளாஸ்"னா, என் கண்ணைப் பாத்து. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியும். இருந்தும் அதையே சொல்றா. சரின்னு சோத்தைக் கட்டிக் குடுத்துட்டேன். ஒரு டப்பாதான் கட்டிக் குடுத்தேன். அவளாப் போயி இன்னொரு டப்பாவை எடுத்துப் பாதி பாதியாப் பிரிச்சா. போனதும் கடையைச் சாத்திட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சுட்டேன்.

எதுக்குப் போறேன்னா, இதுக்குத்தான். இந்த லெட்டரு. ராத்திரி பூரா உக்காந்து எழுதுனேன், கையெழுத்து கோழி கிண்டுன மாதிரித்தான் இருக்கும். ஹோமு வார்டனுக்கு. "என் மகள் மிருதுளா என் அனுமதி இல்லாமல் வந்தால் உள்ளே விடக்கூடாது." அவ்வளவுதான். நேராக் குடுத்துட்டு, அவருகிட்டயும் நாலு வார்த்தை கேக்கோணும். பெத்தவங்க போடற எடத்துல நீங்க எப்படிக் கையெழுத்துப் போடலாம் மாமா? இவளைப் பொய் சொல்ல வெச்சது ஆரு? பத்தாவதுப் புள்ளையை மாசம் ஒரு நாள் கெடுக்கறீங்களே, இதுக்கா ஊட்டை விட்டுத் தாட்டி விட்டேன்? கேக்கத்தான் போறேன். ஆரு என்ன சொன்னாலும் சரி. பரீட்சை முடியற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தரு பாக்க வேண்டாம். பாக்காட்டி செத்தா போயிருவாங்க? எம்புள்ளை, எம்முடிவு. நீங்க சொல்லுங்கக்கா, நாஞ்சொல்றதுல ஏதாவது தப்பு இருக்குதா?

சன்னலுக்கு வெளிய என்னத்தப் பாக்கறீங்க?

சரி, பிரிவு வந்துருச்சு. பேப்பரைக் குடுங்க. பைக்குள்ள வெச்சுக்கறேன். லெட்டரு இருக்குது. வாரனுங்க.

இருங்க.

அந்த பேக்கரி பெஞ்சுல. நீலச் சுடிதாரு. எம்புள்ளைங்க அது. பக்கத்துல தலையில துண்டு கட்டிட்டு இருக்கறது, ஆமாங்க, அவருதான். எளைச்சுத்தான் போயிட்டாரு.

புக்கு அவரு கையில இருக்குதுங்க. கண்ணாடியை மூக்கு நுனிக்கு எறக்கிட்டு, விரலை வெச்சு வரி வரியாப் பாத்துட்டு இருக்காரு. அவ கண்ணை மூடிட்டு ஒப்பிக்கறா. சயின்ஸ் புக்குங்க அது, நான்தான் அட்டை போட்டுக் குடுத்தேன், அந்தப் பூப் போட்ட அட்டை. டீ ரெண்டும் ஆறிக் கெடக்குது, தொடவே இல்ல. எங்கயோ தப்பாச் சொல்லிட்டா போல, அதே புக்குல தலையில ஒண்ணு தட்டறாரு. மறுபடியும் மொதல்லருந்து சொல்றா.

சிரிக்கறா பாருங்க.

எந்நேரமா இப்படி உக்காந்து படிக்கறாங்கன்னு தெரியலியே. எங்கிட்டப் புக்கைக் குடுத்து, கேளும்மான்னு ஒரு நாள் சொன்னதில்லீங்க அவ. நானும் வான்னு கூப்புட்டதில்ல. எனக்கெங்க நேரம்?

எறங்கல கண்டக்டரே. இல்லீங்க, எறங்கலைன்னு சொல்றேன்ல. விசிலைக் குடுங்க.

ஏன்னு கேக்காதீங்கக்கா. படிச்சுட்டு இருக்கற புள்ளையை நடுவுல போயிக் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். படிப்புன்னு வந்துட்டா எனக்கு மத்ததெல்லாம் அப்பறந்தான், நான்தான் மொதல்லயே சொன்னனே. பயமா? எனக்கென்னங்க பயம்? நான் சித்தே குனிஞ்சுக்கறேன், நீங்க மட்டும் அந்தப் பக்கம் பாத்துச் சொல்லுங்க. இந்தப் பக்கம் திரும்புனாளா?

நல்லாப் பாத்தீங்களா? திரும்பவே இல்லியா?

நல்லதுங்க. கண்டக்டரே, இங்கிருந்து ஈரோட்டுக்கு ஒண்ணு குடுங்க.